பட்டன் இருக்கிறது, பிடிப்பு இருக்கிறதா? பைக் டயரைப் பார்க்கும் முறையும் மாற்றும் நேரமும்

"பட்டன் இன்னும் இருக்கே, ஆறு மாசம் ஓட்டலாம்." பஞ்சர் கடை வாசலில் அதிகம் காதில் விழும் தீர்ப்பு இதுதான். பாதி சரி. பட்டன் என்றால் டயரின் மேல் தெரியும் ரப்பர் கட்டிகள், அவற்றுக்கு நடுவில் ஓடும் பள்ளம்தான் காடி. காடி ஆழமாக இருந்தும் ரப்பர் இறுகிப்போன டயர் ஈரத்தில் வழுக்கும். நடுவில் பட்டன் இருந்தும் ஓரம் மொட்டையான டயர் வளைவில் கைவிடும். ஆகவே ஆழம், வடிவம், வயசு, காயம் என்று நான்கையும் பார்த்துத்தான் டயரை வைப்பதா, கழற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

ஐப்பசி அடைமழைக்கு ஒரு மாதம் முன்னால், புரட்டாசித் தொடக்கத்தில் பார்த்துவிடுவது நல்லது. மழை பிடித்த பிறகு போனால் கடையில் கூட்டம் இருக்கும், நமக்கு வேண்டிய சைஸ் இருக்காது, கையில் இருப்பதை மாட்டிவிடுவார்கள். தேவையானவை ஒரு டார்ச், ஒரு சாக்பீஸ், சொந்தமாக ஒரு காற்று கேஜ், ஆழம் பார்க்க ஒரு கேஜ். ஆழக் கேஜ் இல்லாவிட்டால் வெர்னியர் காலிப்பரின் வாலில் நீண்டு வரும் கம்பி போதும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்து பாருங்கள். நின்றபடி குனிந்து பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது.

ஆழம்

டயரின் பக்கச் சுவரில், தரையைத் தொடும் பகுதியை ஒட்டிய தோளில், சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோ இருக்கும். வட்டத்தில் பல இடங்களில் அது வரும். அந்தக் குறிக்கு நேராக நடுவை நோக்கி விரலை நகர்த்தினால், காடிக்குள் குறுக்கே ஒரு சின்ன ரப்பர் மேடு தட்டுப்படும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இரு சக்கர வண்டிக்குக் காடி ஆழம் 0.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. காருக்கு 1.6 மி.மீ.

0.8 என்பது சட்டத்தின் கடைசிக் கோடு. மழைக்கு அது போதாது. காடி இருப்பதே தண்ணீரை ஒதுக்கித் தள்ளத்தான். காய்ந்த தார் ரோட்டில் காடியே இல்லாத ரேஸ் டயர் பிடிக்கிறதே என்று வாதம் செய்பவர்கள் உண்டு. அந்த ரப்பர் வேறு, அது ஓடும் ரோடும் வேறு. நம் ரோட்டில், மழைக்காலம் முன்னால் நிற்கும்போது, முன் டயர் 2 மி.மீ., பின் டயர் 1.5 மி.மீ. தொட்டிருந்தால் மாற்றிவிடுவதே எங்கள் கணக்கு. தை மாதமாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

அளக்கும்போது ஓர் இடத்தில் அளந்து முடிக்காதீர்கள். சாக்பீஸால் டயரில் நான்கு இடம் குறித்து, ஒவ்வொன்றிலும் நடு, இடது தோள், வலது தோள் என மூன்று அளவு எடுங்கள். கேஜின் முனை அந்த ரப்பர் மேட்டின் மேல் உட்காரக் கூடாது, காடியின் அடித்தரையைத் தொட வேண்டும். பன்னிரண்டு எண்ணில் சிறியது எதுவோ அதுதான் உங்கள் டயரின் ஆழம். சராசரி போட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை. தரைக்குச் சராசரி தெரியாது.

எத்தனை கிலோமீட்டர் வரும் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஒரு கிலோமீட்டருக்கு 18 அங்குலச் சக்கரம் ஏறக்குறைய 530 தடவை சுற்றினால், ஸ்கூட்டரின் 10 அங்குலச் சக்கரம் 730 தடவை சுற்றுகிறது. ஸ்கூட்டர் டயர் சீக்கிரம் தேய்கிறது என்ற புகாரில் பாதிக்குக் காரணம் இந்தக் கணக்குதான். மீதிப் பாதி, காற்று பார்க்காமல் ஓட்டுவது.

தேய்ந்த வடிவம் சொல்லும் சங்கதி

பின் டயரின் நடு தட்டையாகிவிட்டதா என்று பார்க்க, சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணை டயரின் உயரத்துக்கு இறக்குங்கள். புது டயர் முட்டையின் முனைபோல் வளைந்திருக்கும். நான்குவழிச் சாலையில் நேராகவே ஓடிய டயர் நடுவில் வெட்டிவைத்த மாதிரி சமமாகி, இரண்டு பக்கமும் ஒரு விளிம்போடு நிற்கும். ஊருக்குள் இது தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் ஏற்றிப் பாருங்கள்: வண்டி சாய மறுக்கும், பிறகு அந்த விளிம்பைத் தாண்டியதும் திடுக்கென்று விழுவதுபோல் சாயும். மலைக்குப் போகிறவர்கள் ஆழம் மிச்சம் இருந்தாலும் இப்படித் தட்டையான டயரோடு போகாமல் இருப்பது நல்லது.

முன் டயரின் வியாதி வேறு. உள்ளங்கையை டயரின் மேல் வைத்து, சுற்றும் திசையில் ஒருமுறையும் எதிர்த்திசையில் ஒருமுறையும் மெல்லத் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பம் மாதிரியும் தட்டினால் பட்டன்கள் சரிந்து தேய்கின்றன. பிரேக் பிடிக்கும் சக்கரத்தில் இது ஓரளவு இயல்பு. ஆனால் பள்ளம் மேடு பள்ளம் மேடாக, கிண்ணம் குடைந்ததுபோல் இருந்தால் காரணம் தேட வேண்டும். முதலில் காற்று. அடுத்து, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயில். பிறகு ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்கான கோன் செட். முன் சக்கரம் தரையிலிருந்து தூக்கலாக நிற்கும்படி வைத்து, ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று ஓர் ஆட்டம் கைக்குத் தெரிந்தால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. டயரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் வீல் பேரிங். இதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் சில ஆயிரம் கிலோமீட்டரில் கிண்ணமாகும், பழி டயர் கம்பெனி மேல் விழும்.

பின் டயர் ஒரு பக்கமாகவே தேய்ந்தால் செயின் டைட் வைத்தவர் இரு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவில் வைக்கவில்லை என்று சந்தேகப்படலாம். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை எண்ணி இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். ரிம் கோட்டமா என்று பார்க்க, ஒரு குச்சியை ஸ்விங் ஆர்மில் கட்டி ரிம்மின் ஓரத்துக்கு ஒரு மி.மீ. தள்ளி நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றினால் போதும், இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். ஓர் இடத்தில் மட்டும் சொட்டையாகத் தேய்ந்திருந்தால் அது பின் பிரேக்கை மிதித்து வண்டி இழுத்துக்கொண்டு போன தடம்.

வயசும் காயமும்

பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரித்தது. ஒரு பக்கத்தில் காணவில்லையென்றால் மறுபக்கம் பாருங்கள். ஐந்து வருடம் கடந்த டயரை வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றி உள்ளேயும் பார்க்க வேண்டும். பத்து வருடம் ஆனது எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம். குறைவாக ஓடும் வண்டிகளில்தான் இந்தச் சிக்கல் அதிகம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ஊருக்கு வரும்போது மட்டும் எடுக்கும் பைக்கில் பட்டன் புதுசு மாதிரியே இருக்கும். ரப்பர் பலகை மாதிரி இருக்கும்.

நகத்தைப் பட்டன் மேல் செங்குத்தாக அழுத்தி எடுங்கள். நல்ல ரப்பர் நகத்துக்கு இடம் கொடுத்துத் திரும்ப எழும். இறுகியது நகத்தை வழுக்கவிடும். இது அளவுகோல் இல்லை, ஒரு குறிப்புதான். பக்கச் சுவரில் தலைமுடி அளவு வெடிப்புகள் வெயிலில் நிற்கும் எல்லா வண்டிக்கும் வரும். விரலால் சுவரை வளைத்தால் வெடிப்பு வாய் திறந்து உள்ளே நூல் தெரிகிறதா, டயர் முடிந்தது. பக்கச் சுவரில் கொப்புளம் மாதிரி வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. குழியில் வேகமாக இறக்கியதில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே டயர் நசுங்கி இது வரும். அன்றைக்கே வண்டியை நிறுத்த வேண்டிய காயம் இது.

வாட்டர் வாஷ் முடித்ததும் டயரைக் கறுகறுவென்று மினுக்க டீசலோ பழைய ஆயிலோ தடவுகிற வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பெட்ரோலியம் பட்ட ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும். அந்த எண்ணெய் நடுப்பகுதிக்கு வழிந்தால் கடை வாசலைத் தாண்டும் முதல் திருப்பத்திலேயே வேலையைக் காட்டும். சோப்புத் தண்ணீர் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காற்று

100 சிசி பைக்கில் ஓர் ஆள் உட்கார்ந்து போகும்போது பின் டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் ஏடிஎம் கார்டு அளவுதான். அந்த அளவையும் வடிவையும் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் காற்று. குறைந்தால் டயர் மடங்கி மடங்கிச் சூடேறும், தோள் தேயும், பக்கச் சுவர் களைக்கும், மைலேஜ் குறையும். கூடினால் நடு மட்டும் தேயும், குழியில் துள்ளும், ஈரத்தில் பிடிப்பு குறையும்.

எவ்வளவு அடிப்பது என்பது செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டிக்கர் போயிருந்தால் வண்டியோடு வந்த கையேட்டில் பார்க்கலாம். டயர் சுவரில் போட்டிருக்கும் எண் டயர் தாங்கும் உச்ச அளவு. நீங்கள் அடிக்க வேண்டிய அளவு அதுவல்ல. அன்றாடம் ஓட்டும் கம்யூட்டர் பைக் பலவற்றில் முன்னால் 25 பிஎஸ்ஐ, பின்னால் ஓர் ஆளுக்கு 28 என்று இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் ஏற்ற வேண்டிய அளவு வண்டிக்கு வண்டி மாறும், சிலவற்றில் 40 பிஎஸ்ஐ பக்கம்கூடப் போகும். மனைவி, இரண்டு பிள்ளை, ஒரு கட்டைப் பை என்று போகிற வண்டியில் 28 வைத்துவிட்டுப் பின் டயர் ஏன் வெடித்தது என்று கேட்பதில் பயனில்லை. நான்கு பேருக்கு எந்த ஸ்டிக்கரிலும் அளவு கிடையாது என்பது வேறு விஷயம்.

அளப்பது காலையில், வண்டி எடுக்கும் முன். டயர் 10 டிகிரி சூடேறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, "ஜாஸ்தியா இருக்கே" என்று காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் டயர் தேவைக்குக் கீழே இருக்கும். சூட்டில் கூடுவதை விட்டுவிடுங்கள், கணக்கில் அது ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். வால்வு மூடியும் போட்டிருக்க வேண்டும், சேறு போய் வால்வு ஊசியில் உட்கார்ந்தால் காற்று கசியும். நைட்ரஜனுக்குக் காசு கொடுப்பதைப் பற்றிக் கேட்டால், நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

எங்கே வழுக்கும்

நல்ல டயரையும் தோற்கடிக்கிற இடங்கள் சில உண்டு. மாதக்கணக்கில் காய்ந்த ரோட்டில் முதல் மழையின் முதல் இருபது நிமிடம், தூசியும் ஆயிலும் குழைந்து மேலே மிதக்கும். கொட்டித் தீர்த்த பிறகு அதே ரோடு கொஞ்சம் தேவலை. வெள்ளைக் கோட்டுப் பெயின்ட், பாதாளச் சாக்கடை மூடி, மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடு ஆகியவற்றின் மேல் ஈரத்தில் சாயவும் கூடாது, பிரேக் தொடவும் கூடாது. டெல்டாப் பக்கம் அறுவடை நாளில் ரோட்டில் பரப்பிய வைக்கோல் மேல் பட்டன் தரையைத் தொடவே தொடாது. ஈசிஆரில் காற்று அடித்துக் கொண்டுவந்து சேர்க்கும் மணலும் அப்படித்தான்.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. நிறுத்துகிற வேலையில் பெரும் பங்கு முன் டயருக்கு. ஆனாலும் பின் டயருக்குப் புதுசும் முன் டயருக்கு "அது கெடக்கட்டும்" என்பதும்தான் ஊர் வழக்கம். பின் டயர் வழுக்கினால் வால் ஆட்டும், பல நேரம் சமாளிக்கலாம். முன் டயர் வழுக்கினால் சமாளிக்க நேரம் கிடைக்காது. பின்னதைவிட மெதுவாகத் தேய்வதால் ஆழம் மிச்சம் வைத்தபடியே முன் டயர் கிழடாகிவிடும். அதனால் அதற்குக் காடியைவிட வயசைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பஞ்சருக்குப் பிறகு

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறியும் காற்று இறங்காமல் நிற்கிறது என்றால் ஆணியைப் பிடுங்காதீர்கள், மெதுவாகக் கடைக்குப் போங்கள். ஓட்டை தரையைத் தொடும் பகுதியில், 6 மி.மீ.க்குள் இருந்தால் திரி, அதாவது ஒட்டும் ரப்பர் கயிறு, வைத்து அடைக்கலாம். குடையும் ஊசியை ஆணி போன சாய்விலேயே நுழைத்து நாலைந்து முறை இழுத்துச் சுரண்ட வேண்டும். ஓட்டையை இப்படிச் சுரண்டாமல் திரியைத் திணிப்பதுதான் ஒரே வாரத்தில் திரும்பக் கசியக் காரணம். சிமென்ட் தடவி, திரியின் இரண்டு முனையும் வெளியே தெரிய நிறுத்தி, ஊசியை வெடுக்கென்று இழுத்து, நீட்டிக்கொண்டிருப்பதை 2, 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள். எச்சில் தொட்டோ சோப்புத் தண்ணீர் விட்டோ குமிழ் வருகிறதா பாருங்கள். தோளிலும் பக்கச் சுவரிலும் திரி நிற்காது. அதை அடைத்துத் தருகிறேன் என்கிற கடையில் அடைக்காதீர்கள். நீண்ட காலம் ஓட்டப்போகும் டயருக்கு, கழற்றி உள்ளிருந்து ஒட்டும் காளான் பேட்ச் திரியைவிட மேல்.

வாங்கும்போது

சைஸை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். 100/90-17 55பி என்றால் அகலம் 100 மி.மீ., உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 17 அங்குலம். 55 என்பது 218 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. பி என்றால் மணிக்கு 150 கி.மீ. வரை. ஸ்கூட்டரில் வரும் ஜே 100 கி.மீ. வரை. எடைக் குறியீடும் வேகக் குறியீடும் பழையதைவிடக் குறையக் கூடாது. பின்னால் அகலமான டயர் போட்டால் கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் ரிம் அதே அகலம், அதனால் டயர் இரு பக்கமும் இறுக்கப்பட்டு நடு கூம்பிக்கொள்ளும், தரையைத் தொடும் இடம் எதிர்பார்த்த அளவு கூடாது. செயின் கவரில் உரசும், மைலேஜும் இறங்கும்.

ஐஎஸ்ஐ முத்திரை, தயாரிப்பு வாரம், டியூப் வகையா டியூப்லெஸ்ஸா என்ற எழுத்து மூன்றையும் பில் போடும் முன் பாருங்கள். டியூப்லெஸ் டயரை ஸ்போக்ஸ் ரிம்மில் டியூப் வைத்து ஓட்டலாம், டியூப் வகை டயரை டியூப் இல்லாமல் ஓட்ட முடியாது. மொட்டை டயரில் காடி மட்டும் புதிதாக வெட்டி விற்பதும் சந்தையில் நடக்கிறது. காடிக்குள் அந்த ரப்பர் மேடுகள் இல்லை, காடி ஓரம் கத்தி பட்ட மாதிரி கூர்மையாக இருக்கிறது என்றால் அது அந்த ரகம். அடியில் நூலுக்கு மேல் மெல்லிய தோல்தான் மிச்சம் இருக்கும்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

"அண்ணே, டியூப் நல்லாத்தான் இருக்கு, அதையே போட்டுரவா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய டியூப் நீண்டு போயிருக்கும், புது டயருக்குள் மடிந்து உட்கார்ந்து அந்த மடிப்பிலேயே கிழியும். டியூப்லெஸ் என்றால் வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

ரிம் டேப்பை எடுத்து, ஸ்போக்ஸ் கம்பியின் முனை எதுவும் அதை ரிம்மில் பிடிக்கும் நிப்பிளுக்கு மேல் துருத்துகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் ராவிவிட வேண்டும். டயரின் அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். சில டயரில் முன் சக்கரத்துக்கு ஓர் அம்பும் பின் சக்கரத்துக்கு எதிர்த்திசையில் ஓர் அம்பும் இருக்கும், எதற்கு எது என்று படித்துப் போடுங்கள். மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வரட்டும். டயரின் லேசான இடம் அது.

டியூபுக்கு லேசாகக் காற்று விட்டு, வடிவம் வந்ததும் பவுடர் தடவி உள்ளே வைக்க வேண்டும். டயரின் விளிம்பை ரிம்முக்குள் ஏற்றுவதை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வு இருக்கும் இடத்தில் முடித்தால்தான் எதிர்ப்பக்க விளிம்பு ரிம்மின் பள்ளத்தில் இறங்கி டயர் நெம்பும் லீவருக்கு இடம் கொடுக்கும். கடைசி அரை அடியில் பலத்தைப் போட்டு லீவரை நெம்புகிறார் என்றால் உள்ளே டியூப் நசுங்குகிறது என்று அர்த்தம். முழுக்க ஏறியதும் வால்வை ஒருமுறை உள்ளே அழுத்தி இழுத்துவிட்டு, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்று அடித்து, திரும்ப முழுசாக இறக்கி, மறுபடி அடிக்க வேண்டும். இந்த இரண்டாவது அடியில்தான் டியூபின் சுருக்கம் நீங்கும். பிறகு ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு, சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரிகிறதா பாருங்கள். ஓர் இடத்தில் அமுங்கியிருந்தால் டயர் உட்காரவில்லை. அப்படியே ஓட்டினால் வண்டி குதிக்கும்.

வால்வு ரிம்மில் நேராக நிற்கட்டும். சாய்ந்து நின்றால், குறைந்த காற்றில் டயர் ரிம்மில் நழுவி டியூபை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. விட்டால் வால்வு அடியில் கிழிந்து நடு ரோட்டில் மொத்தக் காற்றும் போகும்.

சக்கரத்தை ஏற்றியபின் நான்கு விஷயம்: பின் டிரம் பிரேக்கின் தட்டு சுற்றாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் கம்பியின் நட்டும் அதன் பூட்டு ஊசியும், செயின் தொய்வு கையேட்டில் சொன்ன அளவுக்கு இருக்கிறதா என்பதும், அச்சு நட்டின் இறுக்கமும், டிஸ்க் என்றால் கிளம்பும் முன் பிரேக் லீவரை நாலு முறை அழுத்தி பிரேக் கெட்டிப்படுவதும். கடைசியை மறந்தால் முதல் சிக்னலில் லீவர் வெறுமனே கைக்கு வரும்.

புது ரப்பரின் மேல்தோல் வழுவழுப்பாக இருக்கும். முதல் 100, 150 கிலோமீட்டர் பட்டென்று சாய்க்காமல், திடீர் பிரேக் இல்லாமல் ஓட்டுங்கள். மழையில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் இன்னும் நிதானம் வேண்டும். மறுநாள் காலை வண்டி எடுக்கும் முன் கேஜ் வைத்துக் காற்று அளந்து, மீட்டரில் ஓடிய கிலோமீட்டரோடு சேர்த்து பில்லின் பின்னால் எழுதிவையுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் அச்சு நட்டில் ஒருமுறை ஸ்பேனர் வையுங்கள்.